இனிப்பு நுழையாத ஒரு வருடம்

என் மனைவி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், மாமனார் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, வருடம் திரும்பும்வரை இந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, பண்டிகை கூடாது, இனிப்பு கூடாது. இன்னொன்று, வருடம் திரும்பியதும் என் மகளை அவர்கள் ஊருக்குக் கூட்டிப்போவார்கள். இனி அவளை அவளுடைய சித்தி வளர்ப்பாள்.

"நீங்க மூணு சிப்டு பாக்கறவரு மாப்பிள்ளை. பொட்டப் புள்ளைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? மூணாங் கிளாசு இங்கயே முடிக்கட்டும். வருசமும் திரும்பிரும். அப்புறம் நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

அவர் சொன்னதில் தவறென்று எதையும் காட்ட என்னால் முடியவில்லை. எனக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. வீடு மைசூரில், விஜயநகரில், வாடகைக்கு. கம்பெனி பஸ்ஸில் போய்வருவேன். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதிய ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு. மனைவியின் ஊர் ஹனூரைத் தாண்டி, மார்டள்ளிப் பக்கம். காமாலை வந்து மூன்றே வாரத்தில் அவள் போய்விட்டாள். அது தொண்ணூற்று நான்காம் வருடம், மே மாதம். மகளுக்கு அப்போது எட்டு வயது.

மாமனார் சொன்ன இரண்டாவது விஷயம் அவள் காதில் விழுந்ததா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. முதலாவதை அவள் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி அது சமைப்பதைப் பற்றிய கட்டுப்பாடு. துக்க வீட்டில் பலகாரம் சுடுவதில்லை. பண்டிகை வந்தால் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள், வாங்கிச் சாப்பிடுவோம். அவளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. வீட்டில் இனிப்பு கூடாது என்றால் இனிப்பு என்ற பொருளே நிலைப்படியைத் தாண்டக் கூடாது.

"பாலுக்குச் சர்க்கரை போடலாமா அப்பா?"

"போடலாம். அது இனிப்பில் சேராது."

"டப்பாவுல கடலை மிட்டாய் இருக்கே?"

அதற்கு நான் யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போயிருந்தோம். தூறல். இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி இருந்தது. மைசூரில் எந்தப் பேட்டையிலும் பார்க்கக்கூடிய வகைதான்: முன்னால் கண்ணாடி அலமாரி, மேலே பன் அடுக்கிய தட்டுகள், பின்பக்கம் அடுப்பு. அடுப்பிலிருந்து தட்டு வெளியே வரும் நேரம் போலிருக்கிறது. வெண்ணெயும் ஏலக்காயும் சேர்ந்த மணம் ஈரக்காற்றில் தெருவுக்கே வந்தது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

தட்டு நிறையக் கப் கேக். நெளிநெளியான காகிதக் கிண்ணத்தில் பொங்கி எழுந்து, மேலே பழுப்பாகி, நடுவில் ஒரு சின்ன வெடிப்பு விட்டிருந்தது. வெடிப்புக்குள் மஞ்சள் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சிவப்பு டூட்டி ஃப்ரூட்டி.

"வாங்கட்டுமா?" என்றேன்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதே."

"எடுத்துப்போக வேண்டாம். இங்கேயே சாப்பிடு."

"இங்கே சாப்பிட்டா தப்பில்லையா?"

"வீட்டில்தானே கூடாது என்றார் தாத்தா?"

அதை அவள் மனதுக்குள் சரிபார்த்துக்கொள்வது முகத்தில் தெரிந்தது. பிறகு தலையாட்டினாள். காகிதத்தை விளிம்பிலிருந்து மடிப்பு மடிப்பாக உரித்தாள். முதலில் மேல்மூடியைக் கடிக்கவில்லை; அடியிலிருந்து தொடங்கினாள். மிருதுவான பகுதியைத் தின்று முடித்துவிட்டு, மொறுமொறுப்பான மேல்பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். காகிதத்தில் ஒட்டியிருந்ததை முன்பற்களால் சுரண்டினாள். கடைக்கு வெளியே குழாய் வைத்த தகர டிரம் ஒன்று இருந்தது. அதில் வாயைக் கொப்பளித்து, கையைக் கழுவி, கவுனை உதறினாள். பிறகு என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி என் சட்டையைத் தட்டிவிட்டாள்.

"உங்க சட்டையில தூள் இருக்கு. ஒட்டிக்கிட்டு உள்ளே வந்துடும்."

பேக்கரிக்காரர் ஹாசன் பக்கத்து ஆள், கனத்த உடம்பு. அரைகுறைத் தமிழில் கேட்டார்: "என்ன சார், என் கேக்கைத் தின்னுட்டு உங்க பொண்ணு வாய் கழுவுது? அவ்வளவு கெட்டதா இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள் கன்னடத்தில், கோபமாக. "உங்களுக்குத் தெரியாது."

"சரி புட்டி, எனக்கு ஒண்ணும் தெரியாது. அடுத்த வாரம் வந்து சொல்லிக்கொடு." கன்னடத்தில் சின்னப் பெண்ணைப் புட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அதன் பிறகு அந்தக் கடையில் அவளுக்கு அதுவே பெயர்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த வாரத்திலும் நான் போகாமல் இருந்ததில்லை. எங்கே போனோம், என்ன சாப்பிட்டோம் என்று அந்த வருட டைரியில் வாரத்துக்கு ஒரு வரி இருக்கிறது. வேறு எதையும் அதில் நான் எழுதவில்லை.

என் பழைய ஸ்கூட்டரில் ஒவ்வொரு பேட்டையாகப் போனோம். சரஸ்வதிபுரத்தில் ஒரு பேக்கரியில் கப் கேக்கின் அடியில் உலர்திராட்சை கிடக்கும். மேலே ஒன்றும் இருக்காது. "மறைச்சு வச்சிருக்காங்க" என்பாள். அக்ரஹாரத்தில் ஹனி கேக். ஈரமாக, சர்க்கரைப் பாகில் ஊறி, மேலே சிவப்பு ஜாமும் தேங்காய்த்துருவலும். அதைக் கையில் பிடித்துத் தின்பது ஒரு வித்தை. சாமுண்டிபுரத்தில் ஒரு கடையில் தில் பசந்த். வட்டமான பெரிய ரொட்டி போல இருக்கும், உள்ளே தேங்காயும் சர்க்கரையும் செர்ரியும். முக்கோணமாக வெட்டித் தருவார்கள். சூடாக இருந்தால் மட்டும் கேட்பாள். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடையில் கேக் பழசு. ஒரு கடி கடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் தின்றேன். எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது என்பதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறகு எனக்கும் பிடிக்கத் தொடங்கிவிட்டது.

கப் கேக்கை எடைபோட அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. காகிதம் கேக்கைப் பிய்த்துக்கொண்டு வரக் கூடாது. ஆனால் சுத்தமாகக் கழன்றும் வரக் கூடாது. பற்களால் சுரண்ட ஒரு மெல்லிய படலம் தங்க வேண்டும். அந்தக் கணக்கில் எங்கள் பேட்டைப் பேக்கரியை எதுவும் வெல்லவில்லை.

மார்க்கெட்டை ஒட்டிய பழைய மிட்டாய்க் கடையில் மைசூர்பாகு தட்டில் ஊற்றி ஆறும் முன்பே துண்டு போடுவார்கள். காகிதத் துண்டில் வைத்துக் கொடுத்தால் நெய் கசிந்து விரலில் வழியும். அவளுக்கு முழங்கை வரை வழிந்தது. அதைக் கழுவத் தண்ணீர் போதவில்லை. பூக்காரி ஒருத்தி தன் வாளியிலிருந்து ஒரு செம்பு ஊற்றினாள். "நெய்யைக் கழுவுற பொண்ணை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று தமிழில் சொன்னாள். அவள் சேலத்துக்காரியாம். ஒரு ஹோட்டலில் சிரோட்டி கிடைத்தது. பூரி போலப் பொரித்தது, தொட்டால் அடுக்கடுக்காக நொறுங்கும். மேலே சர்க்கரைப் பொடி தூவிப் பாதாம் பால் ஊற்றிக் கொடுத்தார்கள். அன்று அவள் சிரித்தாள். நொறுங்கும் சத்தம் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. மே மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

குக்கரஹள்ளி ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒருநாள் கப் கேக் தின்றுகொண்டிருந்தோம். கேட்டுவிட்டேன்:

"அம்மாவுக்குக் கேக் பிடிக்குமா?"

பதினோரு வருடம் கூட வாழ்ந்தவன் கேட்கிற கேள்வியல்ல. ஆனால் எனக்குத் தெரியவில்லை. நான் எது வாங்கி வந்தாலும் அவள் பிரித்து மகளுக்கும் எனக்கும் வைப்பாள். தான் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"ரொம்பப் பிடிக்கும்" என்றாள் மகள். "நீங்க மதியம் ஷிஃப்டுக்குப் போற வாரத்துல, ஸ்கூல் விட்டதும் அம்மா பேக்கரி வாசல்ல நிப்பாங்க. நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு திம்போம். அம்மா மேல்பக்கத்தைக் கடைசியில திம்பாங்க."

"எனக்குச் சொன்னதே இல்லையே?"

"உங்களுக்குச் சொல்லாதேன்னு ஒண்ணும் சொல்லலை. நீங்க கேக்கலை."

ஏரியில் அக்கரை வரை ஒன்றும் இல்லை, தண்ணீர்தான். நான் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேட்டைப் பேக்கரி வாசலில் மகள் ஏன் நின்றாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேக்கரிக்காரருக்கும் தாயையும் மகளையும் முன்பே தெரிந்திருக்கும். விஷயம் தெரிந்துதான் அவர் அப்படி விளையாட்டாகப் பேசியிருக்க வேண்டும். பிறகு ஒரு தடவை நான் அதைக் கேட்டபோது, "அவங்க எப்பவும் சிரிச்சுட்டே வருவாங்க சார்" என்றார். அதோடு பன்னை அடுக்கப் போய்விட்டார்.

வார நாட்கள் வேறு மாதிரி. வீட்டுச் சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டியிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து தானே திறந்துகொள்வாள். எதிர்வீட்டு அம்மாள் ஒரு கண் வைத்துக்கொள்வார். இரவு ஷிஃப்ட் வாரங்களில் அங்கேயே படுத்துக்கொள்வாள். அந்த அம்மாள் இல்லாவிட்டால் அந்த வருடம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

தீபாவளி அன்று அந்த அம்மாள் ஒப்பட்டும், அதாவது பருப்புப் போளியும், கொப்பரை மிட்டாயும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மகள் வாசல் கேட் அருகே போய் இரண்டு கையையும் விரித்து வழி மறித்தாள். "பேடா, ஆன்ட்டி." வேண்டாம் என்பதை அவள் அவசரத்தில் கன்னடத்தில்தான் சொல்வாள்.

"ஏன் புள்ளே? நான் என்ன விஷமா வச்சிருக்கேன்?"

"உள்ளே கூடாது. நான் உங்க வீட்டுக்கு வந்து தின்னுறேன்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் தன் வீட்டு வாசலில் இரண்டு ஸ்டூல் போட்டார். தெருவில் பட்டாசுப் புகை. நானும் மகளும் எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து, மூடிக்கிடந்த எங்கள் வீட்டைப் பார்த்தபடி ஒப்பட்டு தின்றோம். நெய் நிறைய விட்டிருந்தார். அந்த நெய் தொண்டையில் இறங்கியதை இன்றும் சொல்ல முடியும். கதவை அவள்தான் வெளியிலிருந்து சாத்திவிட்டு வந்திருந்தாள்.

அன்றுதான் நான் முடிவு செய்தேன், அவளை அனுப்பப் போவதில்லை என்று. மறுநாள் வேலைக்குப் போனதும் ஜெனரல் ஷிஃப்ட் கேட்டு எழுதிக் கொடுத்தேன். காலையில் போய் மாலையில் வந்துவிடும் வேலை கிடைத்தால் மாமனாரிடம் பேச எனக்கு ஒரு வாய் இருக்கும். மேனேஜர் படித்துப் பார்த்து, "பாக்கலாம். அங்கே ஆள் ரிடையர் ஆகணும்" என்றார். மாதத்துக்கு ஒரு தடவை போய்க் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் பாக்கலாம் என்றார். மகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கிடைத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்.

ஏப்ரலில் அவளுக்குப் பரீட்சை முடிந்தது. மாதக் கடைசியில் வருடத் திதி வந்தது. ஊரிலிருந்து மாமனாரும், சித்தியும், சித்தியின் கணவரும் வந்தார்கள். சித்தி என் மனைவியைவிட மூன்று வயது இளையவள். கையில் ஒரு பையன், இடுப்பில் ஒன்று. காலையில் திதி முடிந்து ஐயரை அனுப்பிய பிறகு, வருடம் திரும்பிவிட்டது, இனி எண்ணெய்ச் சட்டி வைக்கலாம் என்றார் மாமனார். சித்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் பேக்கரிக்குப் போய் ஒரு டப்பா நிறையக் கப் கேக் வாங்கிவந்தேன். அதை வீட்டுக்குள் வைத்து அவள் தின்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

வாசலிலேயே என் கையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னும் ஆகலைப்பா."

"ஆச்சு, கண்ணு. இன்னைக்கோட வருஷம் முடிஞ்சுது."

அவள் உள்ளே ஓடினாள். நான் டப்பாவோடு வாசலில் நின்றேன். தினசரி காலண்டரைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். "இது ஏப்ரல். அம்மா செத்துப்போனது மே."

மாமனார் எழுந்து வந்தார். "அது இங்கிலீசுக் கணக்கு, அம்மிணி. நம்முளுது திதி. திதி முன்னப்பின்ன வரும். சாமியே சொல்லிப்போட்டாரு, முடிஞ்சுதுன்னு."

"அப்போ அம்மாவுக்கு மட்டும் பத்து நாள் கம்மியா?"

சித்தியின் கணவர், "ஏனுங்ணா, புள்ளைக்கி எடுத்துச் சொல்லுங்கொ" என்று என்னிடம் சொன்னார். நான் டப்பாவை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன். அடுப்படியிலிருந்து சித்தி வந்தாள். கையில் மாவு. அக்காள் மகளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"சட்டிய இறக்கிப்போடறேன்" என்றாள். "என்றக்கா புள்ள சொல்றது சரிதான். ஒரு வருசமுன்னா ஒரு வருசம்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, புள்ளைய எப்ப கூட்டிட்டுப் போறது?" என்றார் மாமனார்.

"நாளு முடியட்டும். மாமா கொண்டாந்து விடுவாரு. ஒரு பத்து நாள்ல என்ன கொள்ளை போகுது?"

அப்போது மகள் சித்தியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அதை நான் கவனித்தேன். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. எனக்கு மனதுக்குள் வேறு ஓடிக்கொண்டிருந்தது. இவள் போக விரும்பவில்லை, என்னோடு இருக்கத்தான் இந்த நாட்களைப் பிடித்துவைத்துக்கொண்டாள் என்று எண்ணினேன். கேக் டப்பாவை அப்படியே எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன். மத்தியானம் அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள்.

அந்த வாரமே மேனேஜர் கூப்பிட்டார். ஜூன் முதல் எனக்கு ஜெனரல் ஷிஃப்ட். காகிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இவ்வளவு நாள் காத்திருந்து, சரியாக இப்போது கிடைத்திருக்கிறது. அன்று கம்பெனி பஸ்ஸில் மாமனாருக்கு என்ன எழுதுவது என்று ஒவ்வொரு வாக்கியமாக யோசித்துக்கொண்டு வந்தேன். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேட்டைப் பேக்கரிக்கே போனோம். வெயில் கடுமை. அவர் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். கப் கேக் வந்தது. அவள் காகிதத்தை உரிக்கத் தொடங்கினாள்.

"அப்பாவுக்கு ஷிஃப்ட் மாறிடுச்சு" என்றேன். "இனிமேல் ராத்திரி வேலை கிடையாது. காலையில் போய் சாயந்திரம் வந்துவிடுவேன்."

"எத்தனை மணிக்கு வருவீங்க?"

"ஆறரைக்கு எப்படியும் வந்துவிடுவேன்."

அவள் கேக்கின் அடிப்பகுதியைத் தின்றுகொண்டே யோசித்தாள். தாத்தா சொன்னதை முதல் நாள் இதே கடை வாசலில் சரிபார்த்துக்கொண்டாளே, அதே முகம்.

"ஸ்கூல் நாலு மணிக்கு விட்டுடும்."

"ஆமாம்."

"அப்போ நான்தான் கதவைத் திறக்கணும்."

"கொஞ்ச நேரம்தானே? எதிர்வீட்டு ஆன்ட்டி இருக்காங்க. நீ இங்கேயே இருக்கலாம். ஊருக்குப் போக வேண்டாம். தாத்தாவிடம் நான் பேசுகிறேன்."

அவள் தின்பதை நிறுத்தினாள். மேல்பகுதி மட்டும் கையில் மீதமிருந்தது. கழுத்தில் கிடந்த கயிற்றை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குச் சாவி பேடாப்பா" என்றாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"திறந்தா உள்ளே யாரும் இருக்க மாட்டாங்க. தினமும் திறக்கறேன், தினமும் இருக்க மாட்டாங்க. சித்தி வீட்ல கதவு சாத்தவே மாட்டாங்க. அம்மாகூட லீவுக்குப் போனப்ப பாத்தேன். நான் உள்ளே போனா சித்தி அடுப்படியிலிருந்து யாரதுன்னு கேப்பாங்க."

"அப்படியானால் அன்றைக்கு ஏன் வருஷம் முடியலை என்று சொன்னாய்?"

என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். பேக்கரிக்காரர் உள்ளே போய்விட்டார்.

"முடியலையேப்பா" என்றாள். இதில் எனக்கு என்ன புரியவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. "வருஷம் முழுக்க முடிஞ்சாத்தானே அம்மாவை விட்டுட்டுப் போகலாம்?"

தாத்தா வாசலில் சொன்ன இரண்டாவது விஷயத்தையும் அவள் கேட்டிருந்தாள். கேட்டு, ஒரு வருடம் முழுவதும் அதை மனதில் வைத்திருந்தாள். நாங்கள் சுற்றிய ஒவ்வொரு பேட்டையிலும், தின்ற ஒவ்வொரு கேக்கிலும் அவளை இந்த ஊரோடு கட்டிப்போடுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக விடைபெற்றுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. என்னிடம் அல்ல. நான் அவளை ஸ்கூட்டரில் கூட்டிப்போனவன், அவ்வளவுதான். இப்படி எழுதுவது அவளுக்குச் செய்கிற அநியாயம் என்றும் தெரிகிறது. என் சட்டையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டதும் அவள்தான். எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளை எத்தனை பேரைத்தான் ஒரே சமயத்தில் பார்த்துக்கொள்ளும்.

"சரி" என்றேன். "போகலாம்."

அவள் மேல்பகுதியைத் தின்று முடித்தாள்.

மே மாதம் அந்தத் தேதி வந்து போனதற்கு மறுநாள் புறப்பட்டோம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பை. எதிர்வீட்டு அம்மாள் அழுதார். மகள் அவரைத் தேற்றினாள். கொள்ளேகால் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட்டை விரல்களில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஹனூரில் பஸ் மாறினோம். அங்கிருந்து பாதை மோசம். மேலும் கீழும் தூக்கிப்போட்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் என் தொடையைப் பிடித்துக்கொண்டாள். வழி நீளக்கூடாதா என்றிருந்தது எனக்கு.

சித்தி வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. எண்ணெய் காய்கிற வாசனை வாசல் வரை வந்தது. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனாள்.

"ஆரது?" என்று அடுப்படியிலிருந்து குரல் கேட்டது.

"நான்தான் சித்தி."

"வாடி என்ற அம்மிணி. உனக்குத்தான் கச்சாயம் சுட்டுட்டிருக்கறேன். உங்கப்பன் எங்க? மாமா, வாங்க, கட்டல்ல உக்காருங்க. ஏய், சூடு! ஊதித் தின்னு!"

வெல்லமும் பச்சரிசி மாவும் கலந்து எண்ணெயில் போட்டெடுப்பதுதான் கச்சாயம். என் மனைவி தீபாவளிக்குத் தீபாவளி செய்வாள். ஓரங்கள் கருஞ்சிவப்பாக மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு போல. கட்டிலில் இருந்து பார்த்தால் அடுப்படி தெரியும். சித்தி கரண்டியால் எடுத்துப் போடப் போட, மகள் அடுப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் மோவாயில் வழிந்தது. சித்தியின் பையன் தட்டில் கை வைத்தபோது, "இருடா, எனக்குத்தான் சுட்டாங்க, உனக்கு அடுத்தது" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள். பையன் கத்தினான். சித்தி இருவரையும் கரண்டியைக் காட்டி மிரட்டினாள். மூவரும் சிரித்தார்கள்.

அவள் இங்கே நன்றாக இருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தேன் என்று சொல்லலாம். தெரிந்த பிறகு அங்கே உட்கார முடியவில்லை. சித்தி தட்டில் வைத்துக் கொடுத்ததைத் தின்றேன். என்ன ருசி என்று சொல்லத் தெரியவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தேன்.

மகள் பஸ் நிற்கிற ஆலமரம் வரை கூட வந்தாள். அந்தப் பையனும் வந்தான். பஸ் வர நேரமாயிற்று. அவன் கல்லெறிந்து விளையாடினான். அவளுக்கும் அங்கே போக வேண்டும் போலிருந்தது. ஆனால் என் பக்கத்திலேயே நின்றாள்.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன்" என்றேன். "கப் கேக் வாங்கிவரட்டுமா?"

அவள் கொஞ்சம் சங்கடப்பட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சித்தி என்னை அவங்க நாத்தனார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். அங்கே கன்னுக்குட்டி இருக்காம். அதுக்கு அடுத்த வாரம் வாங்கப்பா."

"சரி" என்றேன். "அதுக்கு அடுத்த வாரம்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தபோது அவள் கையசைத்தாள். பஸ் திருப்பத்தை அடைவதற்கு முன்பே கையை இறக்கிவிட்டு, அந்தப் பையன் எறிந்த கல் எங்கே போய் விழுந்தது என்று பார்க்க ஓடினாள்.